விருந்துவழங்கி

வெள்ளிக்கிழமை வந்த குருதிப் போத்தல்
ஞாயிறு விடியமுன் கலங்கியிருந்தது.
மாஞ்சோலை ஆய்வுகூடத்தில் அன்று நான் மட்டும்.
வெளியே கார்த்திகை மழை.
ஜெனரேற்றர் ஒருக்கா இருமி, பிறகு பிடித்துக்கொண்டது.

பெயர்: இராமு அரியகுட்டி. வயது: ஐம்பத்தெட்டு.
முகவரி: முத்தையன்கட்டு வலதுகரை.
சீனி வருத்தம். ஒன்பது நாள் காய்ச்சல்.
எலிக்காய்ச்சல் என்று நினைத்தார்கள், பிறகு காசம் என்று.
ஈரலில் சீழ் கண்டபின் ஒன்றும் நினைக்காமல்
என்னிடம் அனுப்பினார்கள்.

கண்ணாடித் துண்டில் ஒரு துளி.
சுடரில் காட்டி, ஊதா ஊற்றி, அயடீன் ஊற்றி,
மதுசாரத்தால் கழுவும்போது
ஊதாவை விடாமல் வைத்திருப்பது நேர்.
விட்டுவிட்டு, அடுத்து வரும் சிவப்பை உடுத்துக்கொள்வது எதிர்.
நேர் என்றால் நல்லதென்றோ
எதிர் என்றால் பகையென்றோ கணக்கில்லை.
சாயம் போகுமா போகாதா, அவ்வளவுதான்.
இதை விளங்கப்படுத்தும்போது
யாராவது ஒருத்தர் சிரிக்காமல் விட்டதில்லை.

எதிர். கோலுரு.
இரண்டு முனையும் சிவந்து, நடு வெளிறி,
சேலையில் குத்தும் சேப்ரிப் பின் போல.

பாடப்புத்தகத்துச் சொற்களை
இந்த ஊரில் வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாயிருக்கும்.
ஊடுருவல் என்கிறது. எதிர்ப்பு என்கிறது.
தட்டில் ஒரு கிருமி பெருகிப் புள்ளியானால்
குடியேற்றம் என்கிறது.
சும்மா கிடந்து, தளர்ந்த உடம்பு கண்டதும் எழும்புவதைச்
சந்தர்ப்பவாதி என்கிறது.
கிருமி புகுந்து தின்கிற மனிதனை
விருந்துவழங்கி என்கிறது.
அந்தச் சொல்லை ஆக்கியவர்
எந்த வீட்டில் சாப்பிட்டுவிட்டு எழுத உட்கார்ந்தாரோ.

புதன்கிழமை குடியேற்றங்கள் சுருங்கியிருந்தன,
வற்றிய குளத்தின் அடிமண்ணாய் வரிவரியாக.
தட்டை முகரக்கூடாது. அது சட்டம்.
நான் முகரவில்லை.
அடைகாப்புப் பெட்டியைத் திறந்ததும்
முதல்மழை விழுந்த வயல் தானாக அறைக்குள் வந்தது.

ஜென்டமைசின் வில்லையை ஒட்டியே முளைத்திருந்தது.
செப்டசிடிம் வில்லையைச் சுற்றி மட்டும்
ஒன்றுமே முளைக்காத ஒரு வட்டம்.
அடிமட்டம் வைத்து அளந்தேன்.
இந்த வேலையில் எனக்குப் பிடித்த பகுதி அது.

அவருடைய மனிசி தவராணி யன்னலடியில் நின்றா.
"அந்தப் புழுவுக்குத் தமிழில என்ன பேர், பிள்ளை?"
பேர் இல்லை. லத்தீனில் இருக்கிறது, நீளமாக.
"புழு இல்லையம்மா. கிருமி. மண்ணில இருக்கிறது.
சேத்துக்க நிக்கேக்க காலில புண்ணிருந்தா ஏறும்."
"இந்த மழைக்கோ ஏறினது?"
இருக்கலாம் என்றேன். அதோடு விட்டிருக்கலாம்.
"சிலவேளை எத்தினையோ வருசத்துக்கு முந்தியும் ஏறியிருக்கும்.
உள்ளுக்க சத்தமில்லாமக் கிடக்கும்."

அதற்கு மறைநிலை என்று பேர். சொல்லவில்லை.

விரல் மடித்தா.
"தருமபுரத்தில பங்கருக்க இடுப்பளவு வெள்ளம்.
தேவிபுரத்தில முழங்கால்.
இரணைப்பாலையில இவரை மண் மூடிப்போட்டுது.
நான்தான் கையால கிண்டினனான்.
வாய்க்குள்ள விரல் விட்டு மண் எடுத்தனான்."
நாலாவது விரல் மடியாமல் நின்றது.
அந்த விரலையே என்னிடம் நீட்டினா.
"அப்ப எனக்கும் ஒருக்காக் குத்திப் பாருங்கோ."

டொக்டர் எழுதித் தரவேணும் என்றேன்.
தலையாட்டினா. போகவில்லை.

படிவத்தில் தொழில் என்ற இடத்தில் விவசாயம் என்று எழுதினேன்.
வசித்த இடங்கள் என்று
ஒரேயொரு வரிதான் விட்டிருந்தார்கள்.

வேலை முடிந்து வெளிக்கிட்டபோது மழை விட்டிருந்தது.
வாசலில் தேங்கின தண்ணீரைத்
தினமும் நேரே மிதித்துப் போகிறவள் நான்.
அன்று மதிலோரமாய்ச் சுற்றி நடந்தேன்,
இடது குதியில் பழைய சன்னம் கீறின இடத்தை
செருப்போடு அழுத்திப் பிடித்தபடி.